நேரத்தை மிச்சப்படுத்தும் முன் படிப்புக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்கு வயது 38; முழுநேர வேலையில் இருக்கிறார். புள்ளியியலை முறையாகக் கற்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறார், புத்தகமும் வாங்கிவிட்டார். ஆனால் இரவில் கிடைக்கும் ஓய்வு நேரம் முழுவதும் கைப்பேசியிலேயே கரைந்துபோகிறது. சமூக ஊடகச் செயலிகளை இருமுறை நீக்கி, இருமுறையும் ஒரு மாதத்துக்குள் மீண்டும் நிறுவியிருக்கிறார். "அவற்றிலிருந்து எவ்வளவோ கற்றும் இருக்கிறேன், அதனால் அடியோடு விட மனம் வரவில்லை. மூன்றாம் முறையும் நீக்கிவிட வேண்டுமா, அல்லது இரண்டுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வழி இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

வேலைக்குச் செல்பவர்களுக்கு மாலை வகுப்புகளில் பல ஆண்டுகளாகக் கணிதமும் அறிவியலும் கற்பித்துவருகிறேன். இதே கேள்வியை வெவ்வேறு சொற்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூக ஊடகத்தைக் குறைப்பதிலிருந்து தொடங்காதீர்கள். கற்கப்போவது என்ன, எப்போது, எங்கே உட்கார்ந்து, இன்று எந்தப் பக்கத்திலிருந்து என்பவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த முடிவு உறுதியாக இருந்தால், ஊடகத்துக்குப் போகும் நேரத்தைக் குறைக்கச் சில எளிய ஏற்பாடுகளே போதும். அது இல்லாமல் செயலிகளை மட்டும் நீக்கினால், காலியான நேரத்தை வேறேதாவது ஒன்று வந்து பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது படிப்பாக இருக்காது.

இது என் அனுமானம் மட்டும் அன்று. 2018இல் அமெரிக்காவில் நடந்த இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்களில், ஹன்ட் ஆல்காட், மேத்யூ கென்ட்ஸ்கோ உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் 2,000க்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். அவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பகுதியினர், பணம் பெற்றுக்கொண்டு, தங்கள் கணக்கை நான்கு வாரங்களுக்கு முடக்கிவைத்தனர். சராசரியாக ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 நிமிடம் மிச்சமானது. அந்த நேரம் எங்கே போனது என்பதுதான் நமக்கு முக்கியம். தனியாகத் தொலைக்காட்சி பார்ப்பது கூடியது. நண்பர்களோடும் குடும்பத்தாரோடும் இருக்கும் நேரமும் கூடியது. மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது, அரசியல் கருத்துகளில் பிளவு தணிந்தது, அதே வேளையில் நாட்டு நடப்பைப் பற்றிய அறிவு குறைந்தது. 2020இல் வெளியான இந்த ஆய்விலிருந்து நான் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்கிறேன். மிச்சமாகும் ஒரு மணி நேரம் தானாகப் புத்தகத்திடம் வந்து சேர்வதில்லை. மேலும், முழுவதுமாக விலகுவதில் நன்மையோடு ஓர் இழப்பும் உண்டு. உங்கள் இருமுறை அனுபவத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள்: செயலிகள் இல்லாத அந்த வாரங்களில் புள்ளியியல் புத்தகத்தை எத்தனை முறை திறந்தீர்கள்? என் வகுப்பில் இதைக் கேட்கும்போதெல்லாம் பலரும் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள்.

வாழ்நாள் கல்வி ஏன் இவ்வளவு எளிதில் தோற்றுப்போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அதன் தன்மையைப் பார்க்க வேண்டும். 1972இல் யுனெஸ்கோ வெளியிட்ட ஓர் அறிக்கை, கல்வி என்பது பள்ளி, கல்லூரி ஆண்டுகளோடு முடிந்துபோகிற ஒன்றன்று, ஆயுள் முழுவதும் தொடர வேண்டியது என்ற கருத்தை உலக நாடுகளின் கல்விக் கொள்கைக்குள் கொண்டுவந்தது. பிரான்சின் முன்னாள் பிரதமர் எட்கர் ஃபோர் தலைமையிலான குழு அதைத் தயாரித்தது. சாந்துணையும் கற்க வேண்டும் என்பது நம் மொழிக்குப் பழைய எண்ணம்தான். ஆனால் நடைமுறையில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பள்ளியில் மணி அடிக்கும், ஆசிரியர் வருவார், தேர்வுத் தேதி அறிவிக்கப்படும், படிக்காவிட்டால் அதன் விளைவு சில வாரங்களில் மதிப்பெண்ணாக வந்து நிற்கும். 38 வயதில் தன் விருப்பத்தால் புள்ளியியல் படிக்க நினைப்பவருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. இன்று படிக்காவிட்டால் கேட்பார் இல்லை. நாளை படிக்கலாம் என்று தள்ளிவைத்தால் தடுப்பாரும் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் தானே யோசித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் நாள் முழுவதும் உழைத்துக் களைத்த பிறகு.

அதே நேரத்தில், கையில் இருக்கும் திரையோ அடுத்து என்ன என்ற கேள்விக்கே இடம் வைப்பதில்லை. ஃபேஸ்புக், பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும் தன் செய்தியோடையை (நியூஸ் ஃபீட்) 2006இல் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில்தான், பக்கம் முடியும் இடமே இல்லாமல் தொடர்ந்து உருண்டுகொண்டே போகும் முடிவிலா உருட்டலை மென்பொருள் வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின் வடிவமைத்தார். பின்னாளில் அதற்காகத் தாம் வருந்துவதாக வெளிப்படையாகவே அவர் பேசியிருக்கிறார். 2009இல் ஃபேஸ்புக்கில் விருப்பக்குறி (லைக்) வந்தது. 2012இல் யூடியூப், ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியது. 2016இல் இன்ஸ்டாகிராம், பதிவுகளைக் கால வரிசையில் காட்டுவதைக் கைவிட்டு, நீங்கள் நின்று பார்க்கக்கூடியவை எவை என்று கணித்து வரிசைப்படுத்தும் முறைக்கு மாறியது. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் நிறுத்துவதற்கான ஓர் இடத்தை எடுத்துவிட்டன. புத்தகத்தில் பத்தி முடிகிறது, பக்கம் முடிகிறது, அத்தியாயம் முடிகிறது. ஒவ்வொரு முடிவிலும் மூடிவைக்கலாமா என்று மனம் ஒரு கணம் யோசிக்கிறது. ஓடையில் அந்தக் கணம் வருவதே இல்லை.

அதோடு, எப்போது நல்ல பதிவு வரும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. பரிசு எத்தனையாவது முயற்சியில் கிடைக்கும் என்று தெரியாத நிலையில் உயிர்கள் மிக விடாப்பிடியாக முயல்கின்றன என்பதை, உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் 1950களிலேயே விரிவாகக் காட்டியிருந்தார். இதைச் சொல்வது உங்கள் மன உறுதியைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அன்று. இருமுறை தோற்றதற்கு உங்களையே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு மாலைப்பொழுதை அருகிலிருந்து பார்ப்போம். என் வகுப்புக்கு வந்த ஒருவரிடம், ஒரே ஒரு நாள் மட்டும், படிக்க உட்கார்ந்த நேரத்திலிருந்து நடந்ததை நிமிடக் கணக்கோடு தாளில் எழுதிவரும்படி கேட்டிருந்தேன். அவர் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது. 9.10, புத்தகத்தைத் திறந்தேன். 9.14, திட்ட விலக்கத்தின் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு) சூத்திரத்தில் ஏன் இருமடி (வர்க்கம்) எடுக்கிறார்கள் என்று புரியவில்லை, தேடிப் பார்க்கக் கைப்பேசியை எடுத்தேன். 9.15, குழுவில் வந்திருந்த செய்திக்குப் பதில் போட்டேன். 9.17, அதில் யாரோ அனுப்பியிருந்த காணொளி. 9.58, கைப்பேசியைக் கீழே வைத்தேன். புத்தகம் அதே பக்கத்தில் திறந்திருந்தது. 10.05, தூக்கம் வந்துவிட்டது.

41 நிமிடம் காணொளிகளில் போய்விட்டதே என்றுதான் அவர் வருந்தினார். என் கண் 9.14இல் நின்றது. அவர் கைப்பேசியை எடுத்தது பொழுதுபோக்குக்காக அன்று, படிப்புக்காகத்தான். அதை எடுக்க வைத்தது, புரியாத ஓர் இடம். படிப்பில் கடினம் தலைகாட்டும் கணத்தில்தான் கை வேறொன்றைத் தேடுகிறது. இருமடி எடுப்பது ஏன் என்ற அந்தக் கேள்வியோடு பத்து நிமிடம் அவர் மல்லுக்கட்டியிருந்தால், சராசரியிலிருந்து கூடியும் குறைந்தும் இருக்கும் விலகல்களை அப்படியே கூட்டினால் விடை எப்போதும் பூச்சியமாகிவிடும் என்பதைத் தாமே கண்டிருப்பார். அப்படிக் கண்டது மறக்காது. கற்றலுக்கு நன்மை செய்யும் இத்தகைய இடர்களை உளவியலாளர் ராபர்ட் பியோர்க் 'விரும்பத்தக்க இடர்கள்' என்றே 1990களில் குறிப்பிட்டார். உண்மையான கற்றல் நடக்கும் இடமும், ஓடை நம்மை இழுத்துக்கொள்ளும் இடமும் ஒன்றாகவே இருப்பதுதான் இந்தச் சிக்கலின் மையம் என்று நான் கருதுகிறேன்.

அவருக்கு நான் சொன்ன மாற்றம் சிறியது. புத்தகத்துக்கு அருகில் ஒரு வெற்றுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். புரியாத இடம் வந்தால் அதை ஒரு கேள்வியாகத் தாளில் எழுதிவிட்டு, சிறிது நேரம் முயன்று பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த பத்திக்குப் போங்கள். தேடுவது கடைசி ஐந்து நிமிடத்தில், எழுதிவைத்த கேள்விகளுக்கு மட்டும். இரண்டு வாரம் கழித்து அவர் சொன்னது: எழுதிய கேள்விகளில் பாதிக்கு மேல், தேடும் நேரம் வருவதற்குள் அடுத்த பக்கங்களிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

இனி, "அவற்றிலிருந்து எவ்வளவோ கற்றும் இருக்கிறேன்" என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே மிகவும் நேர்மையான வரி இது. இதைத்தான் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நிலவின் பிறைகள் ஏன் வளர்ந்து தேய்கின்றன என்பதை விளக்கும் குறுங்காணொளிகளை நான் ஆறேழு பார்த்திருப்பேன். அழகான அசைவுப் படங்கள், தெளிவான குரல். எல்லாம் புரிந்தது என்றே நினைத்தேன். பிறகு ஒரு மாலை வகுப்பில், ஒவ்வொரு முழுநிலவு நாளிலும் சூரியனுக்கும் நிலவுக்கும் நடுவில்தானே பூமி இருக்கிறது, அப்படியானால் மாதந்தோறும் நிலவு மறைப்பு (சந்திர கிரகணம்) ஏன் வருவதில்லை என்று ஒருவர் கேட்டார். சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் சூரியன், பூமி, நிலவு மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்தேன். அதற்கு மேல் என் கை நகரவில்லை. நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது என்பதை அந்தக் காணொளிகளில் ஒன்றாவது நிச்சயம் சொல்லியிருக்கும். நான் அதற்கு விருப்பக்குறிகூட இட்டிருப்பேன். தேவைப்பட்டபோது அது என்னிடம் இல்லை.

அன்றிரவு அறையை இருட்டாக்கி, ஒரு விளக்கை ஏற்றிவைத்து, வெள்ளைப் பந்து ஒன்றைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினேன். விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றபோது, பந்து என் தலையின் நிழலுக்குள் போய் இருண்டது. கையைச் சற்று உயர்த்தினேன். பந்து முழுவதும் ஒளிர்ந்தது. அந்தச் சிறு உயரம்தான் 5 பாகைச் சாய்வு. விளக்கு ஒரு பக்கமாக இருக்கும்படி நின்றபோது பந்தின் பாதி மட்டும் ஒளிர்ந்தது; வளர்பிறையின் அரைநிலவு ஏன் நண்பகல் வாக்கில் உதித்து நள்ளிரவு வாக்கில் மறைகிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது. இதற்கு ஆன நேரம் இருபது நிமிடம். இன்றுவரை அது என்னை விட்டுப் போகவில்லை.

காணொளிகள் பொய் சொல்லவில்லை, மோசமாகவும் இல்லை. நான்தான் ஒன்றும் செய்யவில்லை. லியோனிட் ரோசன்ப்ளிட், ஃபிராங்க் கைல் என்ற இரு உளவியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடப் பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மக்களைத் தாங்களே மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு அதே மனிதர்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட மதிப்பீடு இறங்கியது. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோரின் சோதனை இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஓடை நமக்குக் கொடுப்பது அந்த ஐந்தாவது நிமிடத்தின் நிறைவு. நமக்கு வேண்டியது ஒரு வாரத்துக்குப் பிறகும் நிற்பது.

ஆகவே, சமூக ஊடகத்தில் கற்கிறேனா இல்லையா என்பதை வாதத்தால் தீர்க்க வேண்டாம். கடந்த வாரம் பயனுள்ளதாகத் தோன்றிய மூன்று பதிவுகளை நினைவுபடுத்திக்கொண்டு, எதையும் திறந்து பார்க்காமல், ஒவ்வொன்றைப் பற்றியும் ஐந்து வரி எழுதுங்கள். எழுத வந்தால் அது கற்றல்தான். அந்த நேரத்தைப் படிப்பின் கணக்கிலேயே வையுங்கள். தலைப்புக்கு மேல் ஒன்றும் நினைவில்லை என்றால், அது இளைப்பாறல். இளைப்பாறுவதில் தவறு எதுவும் இல்லை, உழைக்கிறவர்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் அதைக் கல்விக் கணக்கில் எழுதினால், படிப்புக்கு உரிய நேரம் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்ற பொய்த் திருப்தி வந்துவிடுகிறது. 'பிறகு பார்க்கலாம்' என்று சேமித்துவைக்கும் பதிவுகளுக்கும் இது பொருந்தும். சேமிக்கும் கணத்தில் பாதி கற்றுவிட்டது போன்ற உணர்வு வருகிறது. அந்தப் பட்டியலைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

இப்படிச் சொல்வதால், சமூக ஊடகத்துக்குக் கல்வியில் இடமில்லை என்று பொருளாகாது. நூல்களால் தர முடியாத சிலவற்றை அது தருகிறது. ஒரு துறையில் என்னவெல்லாம் இருக்கிறது என்பதையே அறியாதவருக்கு அது வாசலைத் திறந்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒரு நிபுணரிடம், நான் இங்கே ஏன் தவறு செய்கிறேன் என்று கேட்டு, சில மணி நேரத்தில் பதில் பெற முடிகிறது. தனியாகப் படிக்கிறவருக்கு உடன் படிக்கும் நான்கு பேரைக் கண்டுபிடித்துத் தருகிறது. வீட்டிலிருந்து எளிதில் வெளியே செல்ல இயலாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இம்மூன்றிலும் ஒரு பொதுத் தன்மை இருப்பதைக் கவனியுங்கள்: தேவையோடு உள்ளே போகிறீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்கிறீர்கள், வேலை முடிகிறது.

நடைமுறைக்கு வருவோம். முதலில் கற்கப்போவதைச் சுருக்குங்கள். 'புள்ளியியல் கற்க வேண்டும்' என்பது விருப்பம். அதை வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் என்ன செய்வது என்று தெரியாது. 'இரண்டு குழுக்களின் சராசரிகளில் தெரியும் வேறுபாடு தற்செயலானதா என்று சோதிக்கக் கற்றுக்கொள்வேன்' என்பது வேலை. மூன்று மாதத்துக்கு இப்படி ஒன்றே ஒன்று போதும். மொழி, இசை, நிரலாக்கம், வரலாறு என்று நான்கை ஒன்றாகத் தொடங்கியவர்களில் ஆறாம் மாதத்தில் ஒன்றையாவது தொடர்ந்துகொண்டிருந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து நேரமும் இடமும். தினமும் நிச்சயமாக நடக்கும் ஒரு செயலோடு படிப்பை முடிச்சுப் போடுங்கள்: இரவு உணவு முடித்து மேசையைத் துடைத்ததும் அதே மேசையில் புத்தகம், அல்லது காலையில் குளித்து வந்ததும் சன்னலோர நாற்காலியில் புத்தகம். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் திட்டம், வெறும் தீர்மானத்தைவிட நன்றாகச் செயலில் முடிகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். 25 நிமிடம் போதும். வாரத்தில் 5 நாள், ஆண்டில் 50 வாரம் என்று கணக்கிட்டால் 104 மணி நேரம் வருகிறது. கல்லூரியில் ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்குக் கிடைக்கும் வகுப்பு நேரமே பொதுவாக 40 முதல் 60 மணிதான். உங்கள் ஓய்வு நேரம் முழுவதையும் யாரும் கேட்கவில்லை; நாளில் ஒரு சிறு பகுதியை மட்டும், ஆனால் முதலாவதாக, எடுத்துவையுங்கள். ஊடகம் அதற்குப் பின்னால் வரட்டும். படித்து முடித்துவிட்டுப் பார்க்கும் காணொளியில் குற்ற உணர்வும் இருக்காது.

அந்த 25 நிமிடம் கைப்பேசி வேறு அறையில் இருக்க வேண்டும். ஒலியை நிறுத்தி மேசையில் கவிழ்த்துவைப்பது போதாதா என்று கேட்பார்கள். ஏட்ரியன் வார்டும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பேசி வேறு அறையில் இருந்தவர்கள், அது மேசையில் இருந்தவர்களைவிட மனத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் மற்றவர்கள் செய்த சோதனைகளில் இந்த விளைவு எப்போதும் அதே அளவில் தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு அந்த விவாதத்தின் முடிவு தேவைப்படவில்லை. 9.14இல் கை நீளும்போது அங்கே கைப்பேசி இல்லை என்றால், எழுந்து நடக்க வேண்டும். நடக்கும் அந்தச் சில அடிகளுக்குள் பெரும்பாலானோர் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இடையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வருவதும் நாம் நினைப்பது போல் ஐந்து நிமிடச் செலவன்று. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆய்வாளர் ஸோஃபி லெராய் 2009இல் 'கவன எச்சம்' என்ற பெயரால் விளக்கினார். பதில் போடாமல் வந்த ஒரு செய்தி, பாதியில் விட்ட ஒரு சர்ச்சை, இவை அடுத்த பக்கத்தைப் படிக்கும்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

படித்து முடித்தவுடன் வரும் இடைவேளையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மிகேலா டூவரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வயது முதிர்ந்தவர்களுக்கு ஒரு சிறுகதையைச் சொல்லிவிட்டு, 10 நிமிடம் அமைதியாகக் கண்மூடி இருக்கவிட்டார்கள். வேறொரு கதைக்குப் பிறகு அதே 10 நிமிடத்தில் கணினியில் படங்களுக்கிடையே வேறுபாடு கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஏழு நாள் கழித்தும், அமைதியாக இருந்த பிறகான கதையே கூடுதலாக நினைவில் நின்றது. புத்தகத்தை மூடிய கையோடு கைப்பேசியை எடுப்பதுதான் நம்மில் பலரின் வழக்கம். அதற்குப் பதிலாக, பாத்திரத்தைக் கழுவுங்கள், மாடியில் நடங்கள், சும்மா உட்கார்ந்திருங்கள். பத்து நிமிடம் கழித்துக் கைப்பேசியை எடுத்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

ஊடகத்தின் பக்கம் செய்ய வேண்டிய ஏற்பாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். மனிதர்கள் உங்களுக்கென்று அனுப்பும் செய்திகளைத் தவிர மற்ற அறிவிப்புகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். யூடியூபில் பார்வை வரலாற்றை அணைத்து, பழையவற்றையும் அழித்துவிட்டால், முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகளின் வரிசை வருவதில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து இப்படி இருக்கிறது. தேடல் பெட்டி மட்டும் இருக்கும்; தேவையானதைத் தேடிப் பார்க்கலாம். இன்ஸ்டாகிராமில் 2022இலிருந்து, நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் கால வரிசையில் பார்க்கும் வசதி திரும்ப வந்திருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் அதே ஆண்டில் அத்தகைய தனிப் பகுதி வந்தது. கால வரிசையில் பார்த்தால், நேற்று பார்த்த இடம் வந்ததும் முடிந்துவிட்டது என்று தெரியும். நாளில் இரண்டு வேளை, ஒவ்வொன்றும் அரை மணி, முடிந்தால் கைப்பேசியில் அல்லாமல் கணினியில். படுக்கையறைக்கு மட்டும் கைப்பேசியைக் கொண்டுபோகாதீர்கள். தூக்கம் கெட்டால் மறுநாளைய 25 நிமிடமும் கெடும். ஊடகமே தொழிலாக இருப்பவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தா. அவர்கள் வேலைக்கான கணக்கையும் தனக்கான கணக்கையும் தனித்தனியே வைத்துக்கொள்வதே முதல் உதவி.

கற்றதை எழுதிப் பகிர்வதைப் பற்றி எனக்கு இரு மனம் உண்டு. வாரம் ஒருமுறை, புரிந்துகொண்ட ஒன்றைப் பத்து வரியில் விளக்கி எழுதினால், அந்த எழுத்தே மிகச் சிறந்த பயிற்சியாகிறது. தவறு இருந்தால் யாராவது திருத்துவார்கள். ஆனால் எத்தனை பேர் விரும்பினார்கள் என்று பார்க்கத் தொடங்கியதும், எளிதில் கைதட்டல் கிடைக்கும் துணுக்குகளை நோக்கி மனம் சாய்கிறது. கடினமான அத்தியாயம் அப்படியே நிற்கிறது. எழுதுங்கள், பதிவிடுங்கள், மறுநாள் வரை திரும்பிப் பார்க்காதீர்கள். நான் இப்போது அப்படித்தான் செய்துவருகிறேன்.

சில நாள் தவறும். வேலை நெருக்கடி வரும், உடல்நலம் கெடும். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையே ஒரு நாள் தவறியது போக்கைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. நீங்கள் இருமுறையும் ஒரு மாதத்துக்குள் கைவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பலருக்கு அது பழக்கம் வேர் பிடிப்பதற்கே போதாத காலம்.

மூன்றாம் முறையும் நீக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இன்றைக்கு விடை காண வேண்டாம். செயலிகள் இருக்கட்டும். நான்கு வாரம், உணவுக்குப் பின் 25 நிமிடத்தை மட்டும் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் படித்தது எத்தனை பக்கம், மூடிவிட்டு எழுத முடிந்தது எத்தனை வரி என்று ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள். நான்கு வாரத்துக்குப் பின் அந்தக் குறிப்பேட்டைப் பார்க்கும்போது, எந்தச் செயலி அந்த 25 நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப நுழைந்தது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள்.

உங்கள் புத்தகம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. இன்றிரவு அதைத் திறந்து, கடைசியாக நன்றாகப் புரிந்த பக்கம் எது என்று கண்டுபிடித்து, அந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி அட்டைக்கு மேல் வையுங்கள். நாளைக்கு அங்கிருந்து தொடங்கலாம்.